பேஸ் மக்கர் பண்ணுதா? புது பிக்கப் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்கள் நாலு பேர் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால், பத்தாவது நிமிஷத்தில் பேச்சு "அடுத்து என்ன வாங்கலாம்" என்பதில் போய் நிற்கும். சத்தம் சரியில்லையா, பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) மாத்து மச்சி. இரைச்சலா, பெடல் வாங்கு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். என் ஜாஸ் பேஸில் (ஃபெண்டர் கம்பெனியின் மாடல்) சத்தம் விட்டு விட்டு வந்தபோது, பிக்கப் போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, மூன்று மாதச் சேமிப்பில் ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். மாட்டிய பிறகும் அதே கோளாறு. கடைசியில் பார்த்தால் ஜாக்கின் நட் தளர்ந்து, கேபிள் சொருகும்போதெல்லாம் ஜாக்கும் சேர்ந்து சுற்றி, உள்ளே ஒயர் இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பொட்டு ஈயத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. அதற்குள் பழைய பிக்கப்பை விற்றுவிட்டேன், இன்று வரை அதுதான் வலிக்கிறது.

அதனால் கோளாறு என்னவாக இருந்தாலும் ஒரே ஒரு பழக்கம்: ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பாருங்கள். கேபிளையும் பேட்டரியையும் ஆம்ப்ளிஃபயரையும் (ஆம்ப்) ஒன்றாக மாற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்றால், எது கெட்டுப்போனது என்று உங்களுக்கே தெரியாது, அடுத்த நிகழ்ச்சிக்குக் கெட்டுப்போனதையே தூக்கிக்கொண்டு போவீர்கள். கையில் இருக்க வேண்டியவை: நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு கேபிள், புது 9 வோல்ட் பேட்டரி, மல்டிமீட்டர், ஆலன் கீ செட், ஒரு விசிட்டிங் கார்டு.

சத்தமே வரவில்லை

சிரிக்காதீர்கள், முதலில் சுருதி பார்க்கும் டியூனர் பெடல் ஆனில் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான டியூனர் பெடல்கள் டியூன் செய்யும்போது சத்தத்தை அடைத்துவிடும். மேடையில் பதற்றத்தில் ஆம்பின் பின்னால் போய்க் குனிந்து தேடிக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்தால் நான் முதலில் அவருடைய காலடியில் இருக்கும் பெடலைத்தான் பார்ப்பேன்.

அது இல்லையென்றால் பெடல் எல்லாவற்றையும் கழற்றி, பேஸிலிருந்து நேராக ஆம்புக்கு ஒரே கேபிள். வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டு பேஸ் பக்க முனையை வெளியே எடுத்து, பிளக்கின் நுனியை விரலால் தொடுங்கள். 'ம்ம்ம்' என்று உறுமினால் கேபிளும் ஆம்பும் உயிரோடு இருக்கின்றன, கோளாறு பேஸுக்குள். உறுமவில்லையென்றால் கேபிளை மாற்றி மறுபடி தொட்டுப் பாருங்கள்.

கோளாறு பேஸுக்குள்தான் என்றால், உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்காமல் மல்டிமீட்டரை எடுங்கள். பேஸிவ் பேஸாக (பேட்டரி இல்லாத வகை) இருந்தால் திறக்காமலே சோதிக்கலாம். கேபிளை பேஸில் சொருகி, வால்யூம், டோன் எல்லாம் முழுசாக வைத்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள். ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரெசிஷன் பேஸ் வகையில் சுமாராக 10 கிலோ ஓம் காட்டும். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் முழுசாக இருந்தால் 4 கிலோ ஓமை ஒட்டி வரும், ஒன்றை மூடினால் 7, 8 என்று ஏறும். எண் பிக்கப்புக்குப் பிக்கப் மாறும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். எங்கேயோ பல நூறு கிலோ ஓமோ முடிவிலியோ காட்டினால் உள்ளே ஒயர் விட்டிருக்கிறது. பூஜ்யம் காட்டினால் எங்கோ இரண்டு ஒயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரெசிஷன் வகையில் வால்யூம் குமிழ் மூடியிருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மீட்டரைப் பார்த்தபடியே ஜாக்கை லேசாக ஆட்டுங்கள். எண் குதித்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். சென்னைக்காரர்களுக்கு ஜாக், பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்), ஈயம் எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

வாசிக்க வாசிக்கச் சத்தம் மெலிந்து, உடைந்து, காணாமல் போகிறது

ஆக்டிவ் பேஸா (உள்ளே பேட்டரியில் ஓடும் வகை)? பேட்டரி. வேறு எதையும் யோசிக்காதீர்கள். 1976இல் மியூசிக் மேன் கம்பெனியின் ஸ்டிங்ரே பேஸ் உள்ளேயே பிரீஆம்ப் (சிக்னலைக் கூட்டும் சின்னச் சுற்று) வைத்து வந்ததிலிருந்து பேஸ் வாசிக்கிறவர்களின் தலையில் விழுந்த சுமை இந்த 9 வோல்ட் டப்பா. பேட்டரி இறங்கும்போது ஒரேயடியாக நிற்காது. மெதுவாக வாசித்தால் நன்றாக இருக்கும், ஓங்கித் தட்டினால் மட்டும் 'பர்ர்' என்று கிழியும். அதுதான் முதல் அறிகுறி. அப்புறம் சத்தம் சுருங்கும், அப்புறம் ஒன்றுமே இருக்காது. எனக்கு இது ஒரு கிறிஸ்துமஸ் கேரல் நிகழ்ச்சியில், மூன்றாவது பாட்டின் நடுவில் நடந்தது. மீதிப் பாட்டுகளுக்கு நான் நின்று கைதட்டினேன்.

காரணம் பெரும்பாலும் நாம்தான். ஆக்டிவ் பேஸில் ஜாக்கே பேட்டரிக்கு ஸ்விட்ச். கேபிளைச் சொருகினாலே மின்சுற்று ஓட ஆரம்பித்துவிடும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். ராத்திரி ஸ்டாண்டில் கேபிளோடு விட்டுவிட்டுத் தூங்கப் போனால் பேட்டரி விடிய விடிய விழித்திருக்கும். வாசித்து முடித்ததும் பேஸ் பக்கம் கேபிளைக் கழற்றுங்கள். மீட்டரில் 8 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் நான் மாற்றிவிடுவேன். மலிவு பேட்டரி வேண்டாம், ஆல்கலைன் என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

குமிழைத் திருப்பினால் கரகர என்கிறது

குமிழுக்கு அடியில் இருக்கும் பாட் உள்ளே தூசியும் ஈரமும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது வருஷாந்திர விருந்தாளி. குமிழை முழு வீச்சில் இருபது முப்பது தடவை திருப்புங்கள், பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை பாட்டின் பக்கவாட்டு இடுக்கில் ஒரு தடவை அடித்துவிட்டு மறுபடி திருப்புங்கள். வண்டிக்கு அடிக்கும் துரு நீக்கி எண்ணெயை இதற்குள் விடாதீர்கள், பிசுக்காகப் படிந்து அடுத்த மாதம் இன்னும் மோசமாகும். பாட்டையே மாற்றுவதென்றால் பழசின் அடியில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துவிட்டுப் போங்கள். பேஸிவ் பேஸில் வழக்கமாக 250 கிலோ ஓம், ஆக்டிவில் பெரும்பாலும் 25. ஒரு பூஜ்யத்தில் சுருதி மாறாது, ஆனால் சத்தம் ஆளே மாறிவிடும்.

எப்போதும் ஒரு 'ம்ம்ம்' இரைச்சல்

இதற்குத்தான் அதிகம் பேர் அதிகப் பணம் வீணடிக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். இரைச்சலை முதலில் காதால் கேளுங்கள். அது என்ன ஸ்வரம்? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸில் தடித்த ஈ (E) கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகப் பட்டை) வரும் ஜி (G) 49 ஹெர்ட்ஸ். ஆகவே ஜி வாசித்து, இரைச்சல் அதைவிட ஒரு இழை மேலே அலை அலையாக உரசினால் அது கரண்டிலிருந்து வருவது. நம்மூரில் ஜி ஸ்கேலில் பாட்டு என்றால் இரைச்சலும் கூடவே ஒத்து ஊதும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே உறுமல் பி பக்கம் இருக்கும். 'ம்ம்ம்' இல்லாமல் 'ஸ்ஸ்ர்ர்' என்று கூர்மையாக இருந்தால் லைட் டிம்மர், பழைய டியூப்லைட் சோக், மலிவு செல்போன் சார்ஜர் இவற்றில் ஒன்று. அறையில் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

அடுத்து பேஸின் வால்யூமை முழுசாக மூடுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் பேஸைக் குறை சொல்லாதீர்கள், கேபிளோ ஆம்போ கரண்டோதான். மூடியதும் போய்விட்டால் பிக்கப் பக்கம். வால்யூமைத் திறந்து, பேஸோடு நீங்களும் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு திசையில் குறைந்து இன்னொரு திசையில் கூடினால், காற்றில் இருக்கும் காந்தப் புலத்தை பிக்கப் பிடிக்கிறது. ஜாஸ் பேஸில் இது பிறவிக் குணம். இரண்டு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிர்ச்சுற்று, இரண்டையும் ஒரே அளவில் திறந்தால் இரைச்சல் ஒன்றை ஒன்று அழித்துவிடும், ஒன்றைக் குறைத்தால் எட்டிப் பார்க்கும். பிரெசிஷனில் 1957இல் வந்த இரண்டு துண்டு பிக்கப் இதே தந்திரத்தை ஒரே பிக்கப்புக்குள் செய்கிறது, அதனால் அது அமைதியான பிள்ளை. புது பிரெசிஷன் வாங்கி "இது ரொம்ப சைலண்டா இருக்கு ப்ரோ, ஏதாவது போயிருக்குமோ" என்று கேட்டவரும் உண்டு.

மூன்றாவது, கம்பியைத் தொடுங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கம்பியின் கிரவுண்ட் வேலை செய்கிறது, உள்ளே தாமிரத் தகடு ஒட்டி ஷீல்டிங் செய்தால் இன்னும் அடங்கும். தொட்டும் தொடாமலும் ஒரே மாதிரி இருந்தால் பிரிட்ஜுக்கு (கம்பிகள் உடலில் மாட்டியிருக்கும் உலோகப் பகுதி) அடியில் போகும் கிரவுண்ட் ஒயர் அறுந்திருக்கலாம். பிரிட்ஜுக்கும் ஜாக்கின் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்தால் தெரிந்துவிடும். ஆக்டிவ் சுற்றோ, சில வகை பிக்கப்போ இருந்தால் வேண்டுமென்றே அந்த ஒயர் இல்லாமல் செய்திருப்பார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? வாசிப்பை நிறுத்துங்கள். இது சத்தப் பிரச்சினை இல்லை. எர்த் இல்லாத வீடு, எர்த் பின் ஒடிந்த பிளக், மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டர், இவற்றில் ஏதோ ஒன்று. ஆம்பின் உலோக உடலில் டெஸ்டரை வைத்தால் எரிகிறதா பாருங்கள். எரிந்தால் வேலை எலக்ட்ரீஷியனுக்கு. எரியவில்லை என்பதற்காக மட்டும் நம்பிவிடவும் வேண்டாம், சுருக்கென்றது சுருக்கென்றதுதான். இரைச்சல் போகிறது என்று எர்த் பின்னைப் பிடுங்குகிறவர்களை நான் ஹாலுக்கு ஒருவராகப் பார்த்திருக்கிறேன். 1972இல் வேல்ஸின் ஸ்வான்சீயில் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். கையில் கம்பி, உதட்டருகே மைக், இரண்டும் வேறு வேறு பிளக்கிலிருந்து வருகின்றன என்றால் அதே நிலைமைதான். இரைச்சலை வெட்ட வேண்டுமானால் டி.ஐ. பாக்ஸில் (பேஸை மிக்ஸருக்கு இணைக்கும் சின்னப் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் இருக்கிறது, அது சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கும். வீட்டில் லேப்டாப்பில் ரெக்கார்ட் செய்யும்போது உறுமினால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், முக்கால்வாசி நேரம் அங்கேயே முடிந்துவிடும்.

கம்பி ஃப்ரெட்டில் உரசி 'கிர்ர்' என்கிறது

ஆம்பில் கேட்கிறதா, வெறும் காதில் மட்டுமா? வெறும் காதில் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள், பேஸில் கொஞ்சம் உரசல் இருப்பதுதான் இயல்பு. ஆம்பிலும் கேட்டால், எந்த இடத்தில் என்பதே பாதி விடை.

திறந்த கம்பியில் மட்டும் உரசினால் கழுத்து உச்சியில் இருக்கும் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் என்றால் நெக் தேவைக்கு மேல் நேராக இருக்கிறது. பன்னிரண்டுக்கு மேலே மட்டும் என்றால் சாடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) தாழ்வாகவோ நெக் அதிகமாக வளைந்தோ இருக்கலாம். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது, ஏ.டி.எம். கார்டின் விளிம்பை மூன்று ஃப்ரெட் மேல் நிறுத்தி ஆட்டினால் ஊஞ்சல் மாதிரி ஆடும். அது லூதியர் (கிட்டார் செய்து பழுது பார்ப்பவர்) வேலை, சுத்தியலோடு நீங்கள் இறங்க வேண்டாம்.

நெக் வளைவை அளப்பது இப்படி: டியூன் செய்த நிலையில், இடது கையால் ஈ கம்பியின் முதல் ஃப்ரெட்டையும், வலது முழங்கையையோ நண்பரையோ வைத்துக் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்துங்கள். இப்போது கம்பியே ஒரு ஸ்கேல். ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? சுமார் 0.3 மி.மீ. இருந்தால் நல்லது, கெட்டியான விசிட்டிங் கார்டு கம்பியைத் தூக்காமல் தடவிக்கொண்டு போகும் அளவு. இடைவெளியே இல்லையென்றால் டிரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி) எதிர்க்கடிகாரத் திசையில் தளர்த்த வேண்டும். கார்டு தாராளமாக நுழைந்து ஆடினால் கடிகாரத் திசையில் இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் இல்லை. மறுபடி டியூன் செய்து மறுநாள் பாருங்கள், மரம் தன் இடத்துக்கு வர நேரம் எடுக்கும். கீ சரியாகப் பொருந்துகிறதா என்பது முக்கியம்: அமெரிக்க பேஸில் அங்குல அளவு, ஆசியத் தயாரிப்பில் பெரும்பாலும் மி.மீ. அளவு. கிட்டத்தட்டப் பொருந்தும் கீயால் திருகி உள்ளே வழுவழுப்பாக்கிவிட்டால், பிறகு நெக்குக்கே செலவு வைக்கும். திரும்ப மறுத்தால் பலம் காட்டாமல் நிறுத்துங்கள்.

வளைவு சரியான பிறகுதான் சாடில் உயரம். பதினேழாவது ஃப்ரெட் மேல் ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. என்பது நல்ல ஆரம்பம். பலமாகத் தட்டுகிற கை என்றால் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஐப்பசி அடைமழைக்கும் சித்திரை வெயிலுக்கும் நடுவில் நெக் நகரும், ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்தாலும் நகரும். வருஷத்துக்கு இரண்டு தடவை கால் சுற்று என்பது கோளாறே இல்லை.

மேலே போகப் போகச் சுருதி விலகுகிறது

முதல் கேள்வி: கம்பி எத்தனை மாதம் பழசு? அழுக்கேறிய கம்பி சுருதியில் நிற்காது, அதை வைத்து இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியா என்பது) பார்ப்பது வீண். புதுக் கம்பியில், பன்னிரண்டாவது ஃப்ரெட்டை அழுத்தி வரும் ஸ்வரத்தை அதே இடத்தின் ஹார்மோனிக்கோடு (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு வரும் ஸ்வரம்) ஒப்பிடுங்கள். அழுத்தியது சுருதி ஏறி இருந்தால் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள், சுருதி இறங்கி இருந்தால் முன்னால். 34 அங்குல ஸ்கேலில் பன்னிரண்டாவது ஃப்ரெட் 17 அங்குலத்தில், அங்கிருந்து ஜி சாடில் ஏறக்குறைய இன்னொரு 17, ஈ சாடில் அதைவிடக் கொஞ்சம் பின்னால். பிக்கப் கம்பிக்கு மிக நெருக்கமாக இருந்தால் காந்தம் கம்பியை இழுத்து எந்த சாடிலாலும் தீராத குழப்பம் கொடுக்கும், இறக்கிப் பாருங்கள்.

டியூனே நிற்கவில்லை என்றால் நட் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள், கம்பி சுற்றும் போஸ்ட்டில் இரண்டு மூன்று சுற்று கீழ்நோக்கி ஒழுங்காக இருக்கிறதா பாருங்கள். கம்பியை வெட்டும் முன் முதலில் மடியுங்கள், பிறகு வெட்டுங்கள், இல்லையென்றால் மேல்சுற்று பிரிந்துவிடும்.

ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் உடனே செத்துப் போகிறது

ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள்ளா? ஃபெண்டர் வகை நெக்கில் சர்வ சாதாரணம். அந்த ஸ்வரத்தின் அதிர்வும் நெக்கின் அதிர்வும் ஒத்துப்போய், கம்பியின் சக்தியை மரம் குடித்துவிடுகிறது. பிக்கப் மாற்றினாலும் போகாது, பிரிட்ஜ் மாற்றினாலும் போகாது. தலைப்பகுதியில் ஒரு சின்ன கிளாம்ப் மாட்டி எடை சேர்த்தால் செத்த இடம் ஒரு ஃப்ரெட் தள்ளிப் போகும், அவ்வளவுதான். அதே ஸ்வரத்தை டி கம்பியில் வாசியுங்கள்.

பேண்டில் என் பேஸ் கேட்கவே இல்லை

வீட்டில் தனியாக அருமையாக இருக்கிறது, டிரம்ஸ் வந்ததும் காணவில்லை. உடனே "வாட்ஸ் பத்தலை" என்பார்கள். பத்து பதினைந்து வாட் பிராக்டிஸ் ஆம்ப் என்றால் அது உண்மைதான், டிரம்ஸோடு அது போட்டி போடாது. ஆனால் 300 வாட்டிலும் காணவில்லை என்றால் ஈக்யூவை (ஆம்பின் பேஸ், மிட், டிரெபிள் குமிழ்கள்) பாருங்கள். பேஸும் டிரெபிளும் உச்சியில், மிட் பள்ளத்தில் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். திறந்த ஈ 41 ஹெர்ட்ஸ், அதைக் கூட்டக் கூட்ட ஹால் குமுறும், காதுக்கு ஸ்வரம் புரியாது. 400லிருந்து 800 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் தூக்கி, அடிபேஸைக் குறையுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும், பேண்டில் சரியாக உட்காரும். ஆம்பை ஒரு நாற்காலி மேல் ஏற்றுங்கள், காது முழங்காலில் இல்லையே.

கம்பியும் ஒரு காரணமாகலாம். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம் மோட்டவுனின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரெசிஷனில் ஃபிளாட்வவுண்ட் (மேல்சுற்று தட்டையாக இருக்கும்) கம்பி போட்டு, அதை மாற்றாமலே வருஷக்கணக்கில் வாசித்தார். அந்தத் தடித்த சத்தம் பிடித்திருந்தால் நீங்களும் போடலாம், ஆனால் ஸ்லாப்பின் (கட்டைவிரலால் தட்டி வாசிப்பது) பளிச் வரவில்லை என்று அப்புறம் பிக்கப்பைத் திட்டாதீர்கள்.

இன்னொரு கேபினெட் சேர்க்கலாம் என்று தோன்றினால் பின்னால் எழுதியிருக்கும் ஓமைப் படியுங்கள். இரண்டு 8 ஓம் சேர்ந்தால் 4. இரண்டு 4 ஓம் சேர்ந்தால் 2, பல ஆம்ப் அதைத் தாங்காது. ஆம்பிலிருந்து கேபினெட்டுக்குத் தடித்த ஸ்பீக்கர் கேபிள்தான், கிட்டார் கேபிள் அல்ல.

செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போகும்போது

மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவற்றைப் பத்து நிமிஷத்தில் செய்துவிடலாம். சொந்த கேபிளைக் கொண்டுபோங்கள், விற்பவர் தன் கேபிள் கெட்டதென்று சொல்வதை நம்ப வேண்டியிருக்காது. எல்லாக் குமிழையும் திருப்புங்கள், ஜாக்கை ஆட்டுங்கள், ஜி கம்பியை ஃப்ரெட் ஃப்ரெட்டாக வாசித்துச் செத்த இடத்தைக் கேளுங்கள். "அண்ணா, டிரஸ் ராடு திரும்புதா, ஒரு தடவை காட்டுங்க" என்று கேளுங்கள். முகம் மாறினால் விலையைக் குறையுங்கள், அல்லது கிளம்பிவிடுங்கள். ஆக்டிவ் என்றால் பேட்டரி மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஒழுகிய பேட்டரியின் வெள்ளைப் பூஞ்சணம் கிளிப்பில் ஏறியிருந்தால், அதிலிருந்து போகும் ஒயர் எவ்வளவு தூரம் பச்சையாகியிருக்கிறது என்று செல்போன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் விலை பேசுங்கள்.